தானாக ஏறிய கோடு

நான் ஒன்றுமே செய்யவில்லை. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மாதான் உட்கார்ந்திருந்தேன். கணினித் திரையில் அதுவரை படுத்துக் கிடந்த கோடு மெதுவாகத் தலை தூக்கியது. பிறகு விறுவிறுவென்று ஏறியது.

எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

என் முன்னால் ஒரு கண்ணாடிக் குழாய். அதில் வெதுவெதுப்பான உப்புக் கரைசல். அதற்குள் எலியின் சிறுநீர்ப்பையிலிருந்து வெட்டிய ஒரு கீற்று, தீக்குச்சி நீளம்கூட இருக்காது, மேலேயும் கீழேயும் நூல் கட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. அடியிலிருந்து ஆக்சிஜன் குமிழ் குமிழாக வரும். மேல் நூல் ஓர் அளவுக் கருவியில் மாட்டியிருக்கும். தசை சுருங்கினால் நூல் இழுபடும், திரையில் கோடு ஏறும். தளர்ந்தால் இறங்கும். இந்த ஏற்பாட்டுக்கு ஆர்கன் பாத் என்று பெயர். எலி இறந்த பிறகும் உப்பும் சூடும் காற்றும் சரியாகக் கிடைத்தால் அந்தக் கீற்று சில மணி நேரம் உயிரோடு இருக்கும்.

மருந்து ஏதாவது விட்டால்தான் அது சுருங்க வேண்டும். அன்று நான் எதையும் விடவில்லை.

"டாக்டர்! டாக்டர் எஸ்தர்! ஓடி வாங்களேன்!"

என் ஆய்வு வழிகாட்டி டாக்டர் எஸ்தர். ஹுத்தான் மெலிந்தாங் பக்கத்து ஆள். கையில் பாதி கடித்த பிஸ்கட்டோடு வாசலில் வந்து நின்றார். ஆய்வுக்கூடத்துக்குள் தின்பண்டம் கூடாது என்பதால் உடம்பு வெளியே, தலை மட்டும் உள்ளே.

"என்ன விட்டே மாலா?"

"ஒண்ணும் விடல டாக்டர்."

"சும்மா சொல்லாத லா."

"எங்கம்மா சத்தியமா!"

பிஸ்கட்டைக் கோட் பைக்குள் போட்டுக்கொண்டு உள்ளே வந்துவிட்டார். திரைக்கு மிக அருகே குனிந்து பார்த்தார். "இது மட்டும் நெசமா இருந்துச்சுன்னா..." என்று சொல்லி நிறுத்தினார். 

அக்காவின் புகார்

சென்ற வாரம் இந்தப் பத்தியில், ஈப்போ மருத்துவமனை ஒன்றில் நான் தாதியாக இருந்த நாட்களை எழுதியிருந்தேன். அதைப் படித்த என் அக்கா செல்வி, பத்திரிகையை மேசையில் போட்டுவிட்டு, "பத்து வாரமா எழுதற. என்னைப் பத்தி ஒரு வரி இருக்கா?" என்று முறைத்தாள்.

அக்கா, இந்த வாரம் நீ வருகிறாய். நன்றாகவே வருகிறாய். படித்துவிட்டு அப்புறம் என்னைத் திட்டாதே.

தாதி வேலையை விட்டுவிட்டு, நாற்பதை நெருங்கும் வயதில் காம்பார் பல்கலைக்கழகத்தில் முதுகலை ஆய்வில் சேர்ந்தவள் நான். என்ன ஆய்வு என்று கேட்பார்கள். "சிறுநீர்ப்பை" என்பேன். கேட்டவர் அத்தோடு வேறு பேச்சுக்குப் போய்விடுவார். கல்யாண வீட்டில் ஒரு சித்தி, "வேற உறுப்பே கிடைக்கலியா உனக்கு?" என்றே கேட்டார்.

வேறு உறுப்பு எனக்கு வேண்டாம். வார்டில் கட்டிலோரம் தொங்கும் சிறுநீர்ப் பைகள் எத்தனை ஆயிரத்தைக் காலி செய்திருப்பேன்! உடம்புக்குள் இருப்பதும் அப்படி ஒரு பைதான் என்று நினைத்துக்கொண்டுதான் செய்தேன். பிறகுதான் தெரிந்தது, நம் உடம்புக்குள் இருக்கும் பை வெறும் பை அல்ல, தசை. கை கால் தசை மாதிரி நம் சொல்பேச்சு கேட்கிற தசையும் அல்ல. மென்தசை என்பார்கள். அது நிரம்புகிறவரை பொறுமையாகத் தளர்ந்து கிடக்கும், நேரம் வந்ததும் மொத்தமாகச் சுருங்கும்.

சுருங்கச் சொல்வது யார்? நரம்புதான். நரம்பு முனையிலிருந்து சில பொருள்கள் கசியும். அவற்றில் ஒரு கூட்டத்துக்கு நியூரோபெப்டைடு என்று பெயர். புரதத்தின் குட்டித் துண்டுகள். அவற்றில் 'சப்ஸ்டன்ஸ் பி' என்ற ஒன்று எலியின் சிறுநீர்ப்பையைச் சுருங்க வைக்கும். எவ்வளவு விட்டால் எவ்வளவு சுருங்குகிறது, எதைக் கொண்டு அதைத் தடுக்கலாம் என்று பார்ப்பதுதான் என் வேலை. அவ்வளவுதான். ஆனால் அந்தக் கோடு ஏறுகிறபோது பார்க்க வேண்டுமே, அப்படி ஒரு சந்தோஷம்!

நிரைக்குள் போக முடியாது

எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது அம்மாவால்.

அம்மா லகாட்டுக்கு அப்பால் ஓர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டி ரப்பர் பால் எடுத்தவள். இன்று அங்கே ரப்பர் இல்லை, செம்பனை. அதற்காக நான் பெருமூச்சு விடப் போவதில்லை. அம்மாவும் விடமாட்டாள். "போனா போவட்டும், கொசுக்கடி" என்பாள்.

அவள் வேலை பார்த்த நிரைக்குள், அந்த மர வரிசைக்குள், கக்கூஸ் என்று ஒன்று கிடையாது. ஆண்கள் ஒரு மரத்தின் பின்னால் போய்விடுவார்கள். பெண்கள் எங்கே போவார்கள்? மேற்பார்வை பார்க்கும் மண்டோர் எந்தப் பக்கத்திலிருந்து வருவான் என்று தெரியாது. அதனால் அம்மா காலையில் தண்ணீரே குடிக்காமல் போவாள். பாலைச் சேர்த்து, நிறுவை முடிந்து, வீடு வந்து சேரும்வரை அடக்கிக்கொண்டிருப்பாள். அப்படி இருபது வருடம்.

இப்போது அடக்க முடியாது. வந்தது என்றால் வந்ததுதான். அம்மாவுக்கு ஈப்போ என்பது தண்டாஸ்களின், அதாவது கழிப்பறைகளின், வரைபடம். எந்தப் பேரங்காடியில் எத்தனையாவது மாடி, எந்தப் பெட்ரோல் நிலையத்தில் சுத்தம், எந்தக் கோயிலில் சாவி யாரிடம், எல்லாம் அத்துப்படி. காம்பாருக்கு ஒரு தடவை கூட்டிப் போகிறேன் என்றேன். "வழியில எத்தன எடத்துல நிப்பாட்டுவே?" என்று கேட்டாள். வரவில்லை.

இன்னொன்று. அம்மா மிளகாய் தொடமாட்டாள். முப்பது வருடமாக. "காரம் தின்னா பை எரியுது, அடிக்கடி ஓட வேண்டியிருக்கு" என்பாள். நான் தாதிப் படிப்பு முடித்த புதிதில், பட்டம் வாங்கிய திமிரில், "வயித்துக்குப் போற மிளகாய் அங்க எப்படிம்மா போவும்?" என்று கேட்டுச் சிரித்தேன். அம்மா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள்.

எல்லாம் பொருந்தி வந்தது

திரும்பவும் அந்தக் கோட்டுக்கு வருகிறேன்.

தானாக ஏறிய கோடு ஒரு நாளோடு நிற்கவில்லை. அடுத்த சில வாரங்களில் பல தடவை ஏறியது. எல்லா எலிக்கும் அல்ல. சில எலியின் கீற்று குழாய்க்குள் இறங்கியதுமே சுருங்கும். சில எலியின் கீற்று சமர்த்தாகப் படுத்திருக்கும். எலிக்கு எலி வித்தியாசம் என்று முடிவு கட்டினோம்.

டாக்டர் எஸ்தர் ஒரு யோசனை சொன்னார். சப்ஸ்டன்ஸ் பி-யும் அதன் உறவுக்காரப் பெப்டைடுகளும் தசையில் போய் உட்காரும் இடத்தை அடைத்துவிடும் தடுப்பு மருந்துகள் உண்டு. அவற்றை முன்கூட்டியே கரைசலில் கலந்துவிட்டு, அதற்குப் பிறகு கீற்றை இறக்கினால்?

இறக்கினேன். ஏறும் எலியாகவே பார்த்து, ஒரு குழாயில் தடுப்பு மருந்து, பக்கத்துக் குழாயில் வெறும் கரைசல். வெறும் கரைசலில் கோடு ஏறியது. தடுப்பு மருந்தில் அசையவே இல்லை.

நாங்கள் இருவரும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். ஐம்பது வயது டாக்டரும் நாற்பது வயது மாணவியும். அப்படியானால் சுருக்கியது நியூரோபெப்டைடுதான்! நாங்கள் விடாமலேயே, அந்தக் கீற்றுக்குள் இருக்கும் நரம்பே தானாக அதை விடுகிறது! சில பைகள் எந்தத் தூண்டுதலும் இல்லாமல் இப்படித் துடிக்கின்றன! எனக்கு அந்த நொடியில் அம்மாதான் ஞாபகத்துக்கு வந்தாள்.

டாக்டர் எஸ்தர் வெள்ளைப் பலகையில் பெரிதாக எழுதி அடியில் இரண்டு கோடு போட்டார். துறைக் கருத்தரங்கில் நான் பேச வேண்டும் என்று நாள் குறித்தார்கள். அதில் ஒப்புக்கொண்டால்தான் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கலாம். எனக்குக் கொடுத்த காலம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. அனுமதி வாங்கிய எலிகளில் ஐந்துதான் மிச்சம். இந்தக் கோடுதான் என் ஆய்வேட்டின் நடு அத்தியாயம். இது இல்லை என்றால் எனக்கு மிச்சம் இருப்பது முன்னுரையும் நன்றியுரையும்.

வெறுங்கை

இங்கே ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் என்னை மாதிரி கீற்றுக் கட்ட ஆள் இல்லை.

சிறுநீர்ப்பைக் கீற்று வழவழவென்று இருக்கும். மற்றவர்கள் கட்டினால் முடிச்சு நழுவும், அல்லது இறுக்கிப் பிய்த்துவிடுவார்கள். நான் கட்டினால் நிற்கும். காரணம், நானும் அக்காவும் பள்ளிக்கூடம் படிக்கும்போது ஈப்போவில் ஒரு பூக்கடைக்குச் சரம் கட்டிக் கொடுத்தோம். மல்லிகைக் காம்பு நசுங்காமல், அதே சமயம் உதிராமல் முடிச்சு விழ வேண்டும். அதே முடிச்சைத்தான் எலியின் பைக்கும் போட்டேன். போடுவதற்கு முன் நூலின் நுனியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நன்றாக உருட்டிக் கூராக்குவேன். பழைய பழக்கம்.

கையுறை போட்டுக்கொண்டு அப்படி உருட்ட வராது. கையுறை அணியவும் என்று சுவரில் எழுதி ஒட்டித்தான் இருந்தது. தினமும் படித்தேன். தினமும் வெறுங்கையோடு கட்டினேன். டாக்டர் எஸ்தரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். என் முடிச்சு நழுவாததால் அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வியாழக்கிழமைக் கண்

அக்கா லகாட்டில் சாலையோரம் நாசி லெமாக், அதுதான் தேங்காய்ப்பால் சோறு, விற்கிறாள். திங்களும் வியாழனும் அவளுக்குச் சோற்றோடு தரும் மிளகாய்ச் சம்பல் நாள். இரண்டு மூன்று நாளுக்கு வேண்டியதை மொத்தமாகக் கிண்டிவிடுவாள். அந்த இரண்டு நாளும் காலையில் காம்பாருக்குக் கிளம்பும் முன் நான் அவளுக்கு உதவி செய்வேன். வரமிளகாயைக் கிள்ளி விதை உதறுவது, சிலி பாடியை, அதுதான் அந்தக் குட்டி ஊசி மிளகாயை, காம்பு எடுத்துக் கீறுவது. பேசிக்கொண்டே செய்வோம். பிறகு சோப்புப் போட்டுக் கையைக் கழுவிக்கொண்டு காரில் ஏறிவிடுவேன்.

அந்த வியாழக்கிழமையும் அப்படித்தான் வந்தேன். நூல் உருட்டினேன், கட்டினேன், கீற்றை இறக்கினேன். கோடு ஏறியது. 'ஏறுடி ராஜாத்தி' என்று சிரித்துக்கொண்டே வலது கண்ணின் ஓரத்தைத் தேய்த்தேன்.

அய்யோ! என்ன எரிச்சல்! கண்ணுக்குள் நெருப்பை வைத்த மாதிரி. தட்டுத் தடுமாறிக் குழாயடிக்கு ஓடினேன். தண்ணீர் அடிக்க அடிக்க எரிகிறது. முகம் வழிய வழிய அக்காவுக்குப் போன் போட்டேன்.

"அக்கா, கண்ணு போச்சு! மிளகாய்க் கையால தேச்சுட்டேன்!"

"ஆலாமா! காலையில ஆஞ்சது இன்னுமா கையில இருக்கு? எண்ணெய் தேச்சியா?"

"சோப்புப் போட்டு மூணு தடவ கழுவினேன்கா."

"சோப்புக்கு எங்கடி மிளகாய் போவும்? தேங்கா எண்ணெய் தேச்சிட்டு அப்புறம்தான் சோப்பு. எத்தன தடவ சொல்றது? படிச்சு என்ன புண்ணியம் உனக்கு?"

எண்ணெய் தேய்ப்பதை நான் நிறுத்தி ரொம்ப நாளாகியிருந்தது. எண்ணெய் விரலில் நூல் வழுக்குகிறது என்று நிறுத்தினேன். நிறுத்தியது எப்போது? ஆய்வு தொடங்கியபோது.

போனைக் காதில் வைத்தபடியே அப்படியே நின்றேன். அக்கா என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். என் காதில் விழவில்லை. ஒற்றைக் கண்ணால் குறிப்பேட்டைப் புரட்டினேன். கோடு ஏறிய நாட்கள். திங்கள். வியாழன். வியாழன். திங்கள். வியாழன். செவ்வாய் ஒன்றுகூட இல்லை. புதன் இல்லை. வெள்ளி இல்லை.

மேசையில் காலையில் உருட்டி, கட்டாமல் மிஞ்சிய நூல் ஒன்று கிடந்தது. ஆய்வுக்கூடத்தில் எதையும் நாக்கில் வைக்கக் கூடாது. வைத்தேன்.

எரிந்தது.

தானாக என்ற ஒரு சொல்

எனக்குத் தெரியாத விஷயம் அல்ல இது. அதுதான் வயிற்றெரிச்சல்! மிளகாயின் காரத்துக்குக் காரணமான பொருள் கேப்சைசின். அது எரிச்சலை உணரும் நரம்பு முனைகளைத் தட்டி எழுப்பும். எழுந்த நரம்பு தன்னிடம் இருக்கும் சப்ஸ்டன்ஸ் பி முதலான பெப்டைடுகளை வெளியே விடும். எலியின் சிறுநீர்ப்பை என்றால் அது சுருங்கும். இதை விஞ்ஞானிகள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டார்கள். நானே படித்திருக்கிறேன், மஞ்சள் பேனாவால் கோடிட்டிருக்கிறேன். ஆனால் அது ஆய்வுக்கூடத்துக் குப்பியில் வரும் வெள்ளைப் பொடி என்றுதான் என் புத்தியில் இருந்தது. அக்கா வீட்டு மிளகாயும் அதுவும் ஒன்று என்று தோன்றவே இல்லை.

கோடு ஏறியது உண்மை. ஏற்றியது நியூரோபெப்டைடு என்பது உண்மை. தடுப்பு மருந்து தடுத்ததும் உண்மை. 'தானாக' என்ற ஒரு சொல் மட்டும் பொய். என் ஆய்வேடு முழுக்க அந்த ஒரு சொல்லின் மேல்தான் உட்கார்ந்திருந்தது.

கீழே போய்க் காரில் உட்கார்ந்தேன். அடுத்த புதன்கிழமை கருத்தரங்கு. சொல்லாமல் விட்டால்? யாருக்குத் தெரியும்? என் விரலை யார் நக்கிப் பார்க்கப் போகிறார்கள்? உண்மையைச் சொல்கிறேன், அந்த யோசனை வந்தது. வந்து கொஞ்ச நேரம் என்னோடு காரில் உட்கார்ந்திருந்தது. எனக்கு என் மேலேயே அருவருப்பாக இருந்தது. கதவைத் திறந்து மறுபடியும் மாடி ஏறினேன்.

டாக்டர் எஸ்தர் என் சிவந்த கண்ணைப் பார்த்து யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து எழுந்துவிட்டார். எல்லாவற்றையும் சொன்னேன். முழுதாகக் கேட்டார். பிறகு, "கையக் குடு" என்றார். என் விரலை மூக்கருகே கொண்டு போனார்.

"நெத்திலி சம்பல்," என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கும் வந்தது. சிரித்து முடித்ததும் அவர் முகம் மாறிவிட்டது.

"நாலு எலிதான் இருக்கு மாலா."

"ஒண்ணு குடுங்க டாக்டர். சரியா பாத்துடலாம்."

நான்கு குழாய்கள்

திங்கட்கிழமை. காலையில் அக்காவுக்கு வழக்கம்போல மிளகாய் கிள்ளிவிட்டு வந்தேன். நான்கு நூல்களை வழக்கம்போல விரலில் உருட்டி டாக்டரிடம் கொடுத்தேன். அவர் கையுறை போட்டுக்கொண்டு, புதுச் சுருளிலிருந்து வேறு நான்கு நூல்களை வெட்டினார். ஒரே எலியின் பையை நான்கு கீற்றாக்கி, என்னை வெளியே அனுப்பிவிட்டு, இரண்டை என் நூலிலும் இரண்டைத் தன் நூலிலும் கட்டினார். எது எது என்று ஒரு தாளில் எழுதி மடித்துக் கோட் பையில் வைத்துக்கொண்டார். பிஸ்கட் போட்ட அதே பை.

நான் உள்ளே வந்து நான்கையும் இறக்கினேன். மனசுக்குள் ஒரே வேண்டுதல். நாலும் ஏறட்டும் சாமி. நாலும் ஏறினால் மிளகாய்க்கும் இதற்கும் சம்பந்தமில்லை, என் அத்தியாயம் பிழைத்துவிடும்.

முதல் கோடு ஏறியது. மூன்றாவது ஏறியது. இரண்டும் நான்கும் படுத்தே கிடந்தன. காத்திருந்தேன். டாக்டரும் காத்திருந்தார். அவை அசையவே இல்லை.

டாக்டர் தாளை விரித்துக் காட்டினார். ஒன்று, மூன்று: மாலா நூல்.

அழுதேன். வெட்கமே இல்லாமல், ஏங்கி ஏங்கி அழுதேன். டாக்டர் என் முதுகைத் தட்டினார். "தப்பு உன்னோடது மட்டும் இல்ல. நீ வெறுங்கையில கட்டறத நான் பாத்துக்கிட்டே இருந்தேன். அப்பவே சொல்லியிருக்கணும்."

மூக்கைத் துடைத்துக்கொண்டு திரையைப் பார்த்தேன். அப்போதுதான் பொறி தட்டியது.

"டாக்டர், ரெண்டும் நாலும் சுத்தமா இருக்கு!"

"ஆமா."

"இன்னும் உயிரோட இருக்கு!"

அவர் ஒரு நொடி என்னைப் பார்த்தார். அடுத்த நொடி குளிர்பெட்டிப் பக்கம் ஓடினார். நான் கையுறையைத் தேடி ஓடினேன். நான்காவது குழாயில் தடுப்பு மருந்தைக் கலந்து, அது தசையில் ஊறும்வரை காத்திருந்தோம். பிறகு இரண்டிலும் சப்ஸ்டன்ஸ் பி, ஒரே அளவு.

இரண்டாவது கோடு படுத்தே கிடந்தது.  அப்புறம் லேசாக ஓர் அசைவு. கண் கலங்கியதால் அப்படித் தெரிகிறதா என்று துடைத்துப் பார்த்தேன், இந்தத் தடவை சட்டைக் கையால். ஏறுகிறது! மிளகாய் ஏற்றிய மாதிரி ஆர்ப்பாட்டம் இல்லை. நிதானமாக, உருண்டு திரண்டு ஏறியது. நான்காவது? கிடக்கிறது! பலகை மாதிரி கிடக்கிறது!

"டாக்டர், நாலும் பேசுது டாக்டர்!"

ஒரே பையின் நான்கு கீற்றுகள். நரம்பை மிளகாய் எழுப்பினால் சுருங்குகிறது. வெளியிலிருந்து பெப்டைடு கொடுத்தாலும் சுருங்குகிறது. நடுவில் தடுப்பு மருந்து நின்றால் இரண்டுமே நடப்பதில்லை. மிளகாயைத் தடுத்ததைத்தான் போன மாதமே பார்த்துவிட்டோமே! உலகத்துக்கு இது புதிது அல்ல. ஆனால் இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை. மறுபடியும் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தோம். கையுறை சத்தம் போட்டது.

புதன்கிழமைக் கருத்தரங்கில் முதல் படமாக அக்காவின் சம்பல் சட்டியைப் போட்டேன். நடந்ததை அப்படியே சொன்னேன். கூடம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்து முடிந்ததும் ஒரு பேராசிரியர் எழுந்து, "இப்போது காட்டும் கீற்றுகளில் மிளகாய் இல்லை என்று எப்படி நம்புவது?" என்று கேட்டார். நான்கு கோடுகளையும் திரும்பக் காட்டினேன். வெகு நேரம் பார்த்தார். மிச்சம் மூன்று எலியிலும் இதே மாதிரி நூலை மறைத்துவைத்துச் செய்து எழுது, பருவ முடிவுக்குள் சமர்ப்பிக்கலாம் என்றார்கள். பழைய அத்தியாயத்தை அன்றே எடுத்துவிட்டேன்.

அம்மா கேட்டது

அன்று சாயங்காலம் வீட்டில் மூவரும் சாப்பிட உட்கார்ந்தோம். அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. "என் சட்டிய யுனிவர்சிட்டியில காட்டினியா? கழுவின சட்டியா, கழுவாததா?" என்று மூன்று தடவை கேட்டாள்.

அம்மா வெறும் சோற்றில் மோர் ஊற்றிக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டாள். நூல், மிளகாய், நரம்பு, சுருக்கம். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"நான் மிளகாய விட்டு முப்பது வருசம். சொன்னப்ப நர்ஸம்மா சிரிச்சாங்க."

எனக்குச் சுருக்கென்றது. "அம்மா, நூல்ல ஒட்டின மிளகாயும் நீ தின்ன மிளகாயும் ஒண்ணில்லம்மா. அத நான் இன்னும் பாக்கல. ஆனா சிரிச்சது தப்பு. மன்னிச்சிரு."

அம்மா அதைக் கண்டுகொள்ளவில்லை. வேறு யோசனையில் இருந்தாள்.

"அந்த எலிக்கு ரொம்ப எரிஞ்சிருக்குமா?"

"எலிக்கு ஒண்ணும் தெரியாதும்மா. மயக்கம் குடுத்து, அது செத்தப்புறம்தான் எடுப்போம்."

"பை?"

"பை மட்டும் கொஞ்ச நேரம் உயிரோட இருக்கும்."

அம்மா இடது கையை அடிவயிற்றில் வைத்துக்கொண்டாள். 

"அப்ப பைக்கு எரிஞ்சிருக்கும் லா. எரிஞ்சாத்தான் அது அப்படி இறுக்கிப் புடிக்கும். எனக்குத் தெரியாதா?"

எழுந்துவிட்டேன். நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது. "அதேதாம்மா! அதேதான்! அக்கா, கேட்டியா? எரியறத உணர்ற நரம்புதான் அந்தப் பெப்டைடையும் விடுது! இதச் சொல்ல எனக்கு அறுபது பக்கம் ஆச்சு!"

"கத்தாத, சோறு ஆறுது," என்றாள் அக்கா.

அம்மா எழுந்தாள். "இருங்க, வாரேன்," என்று அவசரமாகத் தண்டாஸ் பக்கம் நடந்தாள்.